துணியில் ஏறிய மைக்கறையைப் போக்குவது எப்படி?



ஜூன் மாதம் பள்ளிகள் திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள், எங்கள் குடியிருப்பில் யாராவது ஒருவர் வெள்ளைச் சட்டையும் கையுமாக என்னிடம் வந்துவிடுவார்கள். "சார், துவைச்சாச்சு, இஸ்திரியும் போட்டாச்சு. இந்த மை மட்டும் போகவே மாட்டேங்குது" என்பார்கள். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் சலவைக்கு யோசனை கேட்பானேன் என்று நீங்கள் நினைக்கலாம். முப்பத்தொன்பது ஆண்டுகள் சட்டைப் பையில் இரண்டு பேனாக்களோடு அலைந்தவன் நான். மையோடு எனக்குள்ள பழக்கம் நீண்டது. கையில் ஓய்வு நேரமும் இருப்பதால் பழைய துணிகளை வைத்துப் பல முறைகளைச் செய்து பார்த்திருக்கிறேன். அவற்றில் பயன்பட்டவற்றை நமது இதழ் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

"ஒரு சட்டைதானே, புதிது வாங்கினால் போயிற்று" என்று சொல்வது எளிது. ஊரை விட்டு வந்து வீட்டுக்கு முன்பணம், பள்ளிக் கட்டணம், பேருந்துக் கட்டணம் எல்லாம் கட்டி முடித்த குடும்பத்திற்கு, பள்ளி சொல்லும் கடையில் மட்டுமே கிடைக்கும் சீருடையை ஆண்டின் நடுவில் மறுபடி வாங்குவது சிறிய செலவல்ல. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. கறையைப் போக்கும் அவசரத்தில் கைக்குக் கிடைத்த ரசாயனங்களை எல்லாம் கலந்து ஊற்றி உடம்புக்குக் கேடு தேடிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்தப்போவது ஒன்றே ஒன்றுதான். மை என்பது ஒரே பொருள் அல்ல. ஊற்றுப் பேனா மையும், பால்பாயிண்ட் மையும், ஜெல் பேனா மையும் பார்வைக்கு ஒரே நீலமாக இருக்கலாம். ஆனால் அவை வெவ்வேறு பொருட்களால் ஆனவை. ஒன்றைப் போக்கும் மருந்து இன்னொன்றை நிரந்தரமாக்கிவிடும். ஆகவே முதலில் மையை அறிய வேண்டும், அடுத்துத் துணியை அறிய வேண்டும், அதன் பிறகுதான் கறையில் கை வைக்க வேண்டும்.

மையில் என்ன இருக்கிறது?

எல்லா மையிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நிறம் தரும் பொருள். மற்றொன்று அந்த நிறத்தைச் சுமந்து வரும் திரவம். இந்தத் திரவம் தண்ணீரா, எண்ணெய் போன்றதா, சாராயம் போன்றதா என்பதைப் பொறுத்தே கறை எதற்குக் கட்டுப்படும் என்பது அமையும்.

ஊற்றுப் பேனாவுக்கான சாதாரண நீல மை, தண்ணீரில் கரைந்த சாயம். இதுவே மிகவும் சாதுவான மை. நீலக்கறுப்பு மை என்று பழைய தலைமுறை பயன்படுத்தியது வேறு வகை. நம் ஊரில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய மை ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்தது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும், அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும். ஐரோப்பாவிலும் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்தின் கழலைகளைப் போட்டு இதே மையைத்தான் நூற்றாண்டுக் கணக்கில் பயன்படுத்தினார்கள். அந்த இரும்பு மையின் வழிவந்ததுதான் உண்மையான நீலக்கறுப்பு மை. இதில் சாயம் மட்டுமல்ல, இரும்பும் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பால்பாயிண்ட் பேனாவின் கதை சுவையானது. ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளரான லாஸ்லோ பிரோ, அச்சு மை சட்டென்று உலர்வதைக் கவனித்தார். அதைப் பேனாவில் ஊற்றினால் கெட்டியாக நின்று இறங்கவில்லை. எனவே முனையில் சுழலும் சிறு குண்டு ஒன்றைப் பொருத்தி, 1938இல் காப்புரிமை பெற்றார். இதன் மை கூழ் போலக் கெட்டியானது. எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பான்களில் சாயத்தையும் பிசினையும் சேர்த்துச் செய்கிறார்கள். ஆகவே தண்ணீருக்கு இது அசைவதில்லை, ஸ்பிரிட்டுக்கு அசையும்.

ஜெல் பேனாவை 1984இல் ஜப்பானின் சக்குரா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இது தண்ணீர் அடிப்படையிலான மைதான். ஆனால் பெரும்பாலும் இதன் நிறம் கரைந்த சாயமாக இருப்பதில்லை. மிக நுண்ணிய வண்ணத் துகள்கள் கூழில் மிதக்கின்றன. துகள் என்பது கரையாத பொருள். நூலிழைகளின் இடுக்கில் மணல் போலப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் ஜெல் பேனாக் கறை மற்றவற்றைவிட முரண்டு பிடிக்கிறது.

பெர்மனன்ட் மார்க்கரில் ஆல்கஹால், சாயம், பிசின் மூன்றும் உண்டு. ரப்பர் முத்திரைக்கான ஊதா மையிலும், பழைய காலத்துக் காப்பியிங் பென்சிலிலும் இருப்பது ஊதா அனிலின் சாயம். ரயில்வேயில் காப்பியிங் பென்சிலைக் கையாண்டவர்களுக்கு அது தெரியும். உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போல எழுதும். வியர்வை பட்ட மாத்திரத்தில் சட்டையில் கத்தரிப்பூ நிறம் படர்ந்துவிடும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்ஷியன் வயலட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

துவைத்தபின் கறை ஏன் இறுகுகிறது?

மை பட்ட உடனே கவனித்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் பிள்ளைகள் நம்மிடம் உடனே சொல்வதில்லை. சட்டை கூடைக்குப் போய், இயந்திரத்துக்குப் போய், இஸ்திரி வண்டிக்கும் போய்வந்த பிறகுதான் நம் கண்ணில் படுகிறது. இதற்குள் மூன்று காரியங்கள் நடந்துவிடுகின்றன.

முதலாவது, சூடு. இன்றைய சீருடைகள் பெரும்பாலும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தவை. பாலியெஸ்டர் இழை சாதாரண வெப்பத்தில் இறுக்கமாக மூடியிருக்கும். ஏறத்தாழ 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இழைக்குள் இளக்கம் ஏற்பட்டு, மேலே ஒட்டியிருக்கும் சாயம் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. ஆறியதும் மறுபடி மூடிக்கொள்கிறது. ஆலைகளில் பாலியெஸ்டருக்குச் சாயம் ஏற்றுவதும் ஏறக்குறைய இந்த வழியில்தான். கறையின் மேல் இஸ்திரி போடுகிறவர் தம்மை அறியாமலேயே துணிக்குச் சாயம் ஏற்றிவிடுகிறார் என்று சொல்லலாம்.

இரண்டாவது, காரம். சலவை சோப்பும் தூளும் காரத்தன்மை உடையவை. இரும்பு மை காரத்தில் பட்டால் நீலம் வெளிறிப் போகும், ஆனால் இரும்பு துருவாக மாறி மஞ்சள் பழுப்பு நிறத்தில் தங்கிவிடும். "மை போயிற்று, ஆனால் டீ கொட்டினதுபோல ஒரு கறை நிற்கிறது" என்று சிலர் சொல்வதன் விளக்கம் இதுவே.

மூன்றாவது, தண்ணீர். நம் பெங்களூரில் காவிரி நீர் வரும் நாளும் உண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் நாளும் உண்டு. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளை மக்காகத் துணியில் படியும். அந்த மக்கு மையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கறை எடுக்கும் வேலைக்குக் காவிரி நீரையோ, வடிகட்டிய நீரையோ ஒரு வாளி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்த மை என்று கண்டுபிடிப்பது

சிக்னல் பழுதானால் நாங்கள் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றுவதில்லை. மின்சாரம் வருகிறதா, கம்பி அறுந்ததா, ரிலே பழுதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிக்கொண்டே வருவோம். மைக்கும் அதே முறைதான். பிள்ளைகளை மிரட்டாமல் "எந்தப் பேனா?" என்று கேட்பது முதல் சோதனை. பதில் கிடைக்காவிட்டால் கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கறையின் மேல் ஒரு நிமிடம் அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் அது தண்ணீரில் கரையும் சாயம். ஊற்றுப் பேனாவாகவோ முத்திரை மையாகவோ இருக்கலாம். ஒட்டாவிட்டால், பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டு, கறையின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். நீலமோ ஊதாவோ பஞ்சுக்கு ஏறினால் பால்பாயிண்ட் அல்லது மார்க்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் அது துகள் மையாக இருக்க வாய்ப்பு அதிகம். கறை மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். வெளுத்தால் அது இரும்பு.

எந்தத் திரவத்தையும் கறையில் விடுவதற்கு முன், சட்டையின் உள்மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். துணியின் சொந்தச் சாயம் இளகினால் அந்த முறையைக் கைவிடுங்கள்.

பால்பாயிண்ட், மார்க்கர் கறைக்கு

இதுவே வீடுகளில் அதிகம் காணப்படுவது. தேவையானவை: மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின், சர்ஜிக்கல் ஸ்பிரிட், பழைய வெள்ளைத் துண்டு இரண்டு, திரவச் சோப்பு. ஸ்பிரிட் இல்லாவிட்டால் தண்ணீர் போன்ற சானிட்டைசரும் உதவும். கூழாக இருப்பதைவிடத் திரவமாக இருப்பது மேல்.

1. இறுகிய கறையை முதலில் இளக்க வேண்டும். கறையின் மேல் கிளிசரினைத் தடவி ஒரு மணி நேரம் விடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே ஸ்பிரிட்டுக்குப் போவதால்தான் பலருக்கும் பலன் கிடைப்பதில்லை.

2. துண்டை நாலாக மடித்து, கறை பட்ட பக்கம் துண்டின் மேல் படும்படி சட்டையைக் கவிழ்த்து வையுங்கள். பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். வந்த வழியே மை திரும்பிப் போகட்டும். முன்பக்கத்திலிருந்து செய்தால் மை இன்னும் ஆழமாக இறங்கும்.

3. கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஒரு ரூபாய் அளவு கறை உள்ளங்கை அளவுக்குப் பரவும்.

4. துண்டில் மை ஏறியதும் வேறு இடத்திற்கு மாற்றுங்கள். இதை மறந்தால் எடுத்த மையே திரும்பவும் சட்டைக்குப் போய்விடும்.

5. மை வருவது நின்றதும் திரவச் சோப்பைத் தடவி, பத்து நிமிடம் கழித்துக் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

ஒரே தடவையில் முழுவதும் போகாது. மூன்று தடவை வரை செய்யலாம். ஒவ்வொரு தடவையும் கறை கொஞ்சமாவது வெளிறுகிறதென்றால் தொடருங்கள். மாற்றமே இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

பல வீடுகளில் டெட்டால் தடவும் வழக்கம் உண்டு. அதிலுள்ள ஆல்கஹாலும் பைன் எண்ணெயும் பால்பாயிண்ட் மையை ஓரளவு கரைக்கும் என்பதால் அது பொருளற்ற பழக்கமல்ல. தலைமுடிக்கான ஸ்பிரே அடிப்பது பழைய யோசனை. அக்காலத்து ஸ்பிரேக்களில் ஆல்கஹால் மிகுதியாக இருந்தது. இப்போது வருபவை பலவற்றில் அது குறைந்துவிட்டதால் முன்போலப் பயன் தருவதில்லை. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் வேகமாக வேலை செய்யும். ஆனால் அசிட்டேட் துணியை அது கரைத்துவிடும் என்பதால் துணி இன்னதென்று உறுதியாகத் தெரியாதபோது தொடாதீர்கள்.

ஊற்றுப் பேனா, முத்திரை மைக்கு

குளிர்ந்த நீரில் ஊறவைத்து, திரவச் சோப்பால் அலசுங்கள். மீதமிருந்தால் ஆக்சிஜன் வெளுப்பான் நல்லது. வேனிஷ் போன்ற கறைநீக்கித் தூள்களில் இருப்பது சோடியம் பெர்கார்பனேட். கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் கரைத்து, அட்டையில் சொன்ன அளவுப்படி, ஆறு மணி நேரம் வரை ஊறவையுங்கள். இது வெள்ளைத் துணிக்கும், சாயம் போகாத நிறத்துணிக்கும் ஏற்றது. முத்திரை மைக்கு இதற்கு முன் ஸ்பிரிட்டால் ஒருமுறை ஒற்றிவிடுவது நல்லது.

தூய வெள்ளைப் பருத்தியாக இருந்தால் மட்டும், கடைசி வழியாக ஆலா போன்ற குளோரின் வெளுப்பானைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பத்து நிமிடத்தில் எடுத்து நன்றாக அலசுங்கள். கறையின் மேல் நேரடியாக ஊற்றினால் கறையோடு துணியும் நைந்துபோகும். இரும்பு மைக்கு வெளுப்பான் கூடாது. நீலத்தை அழித்துத் துருவை நிலைநிறுத்திவிடும்.

இரும்பு மைக்கும் துருக்கறைக்கும்

எலுமிச்சைச் சாறும் தூள் உப்பும் குழைத்துத் தடவி வெயிலில் வைப்பது நம் பாட்டிமார்கள் கண்ட முறை. உலர்ந்ததும் மறுபடி சாறு விடுங்கள். அமிலம் இரும்பைக் கரைத்து எடுக்கிறது. கேரளத்திலும் மங்களூர்ப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு காய்க்கும் பிலிம்பிக் காயின் சாறு இன்னும் வலியது. அதில் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது. வெள்ளைத் துணியில் துருக்கறை போக்க அதைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு.

அதே ஆக்சாலிக் அமிலம் ரசாயனக் கடைகளில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கிறது. ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, கையுறை அணிந்து, கறையில் ஐந்து நிமிடம் வைத்து, பலமுறை அலச வேண்டும். அலசாமல் உலரவிட்டால் பருத்தி நைந்துவிடும். இது நஞ்சு என்பதை மறக்காதீர்கள். பார்க்கச் சர்க்கரை போலவே இருக்கும். சமையலறையில் வைக்கவே கூடாது. பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எலுமிச்சையோடு நின்றுகொள்வதே நல்லது.

ஜெல் பேனாவுக்கு

துகளைக் கரைக்க முடியாது, பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். கிளிசரினும் திரவச் சோப்பும் சம அளவு கலந்து தடவி, ஒரு மணி நேரம் கழித்து, மென்மையான பழைய பல்துலக்கியால் பின்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டுங்கள். அலசி, ஸ்பிரிட்டால் ஒற்றி, பிறகு ஆக்சிஜன் வெளுப்பானில் ஊறவையுங்கள். வெளிறும், பல சமயம் முழுவதும் போகாது. கறுப்பு ஜெல்லில் கரித்துகள் இருந்தால், எந்த வெளுப்பானும் கரியை வெளுக்காது.

இவற்றைக் கலக்காதீர்கள்

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் நடந்தது இது. ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்த இளம் தம்பதியர். கணவரின் வெள்ளைச் சட்டையில் மைக்கறை. மனைவி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியில் வெளுப்பானை ஊற்றினார். அது போதாதென்று கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் அதிலேயே ஊற்றிவிட்டார். சில நொடிகளில் மூச்சு முட்டி, கண் எரிந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். நல்லவேளையாகக் கதவைத் தாழிடவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் அன்றிரவு கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார் என்பதே பெரிது. சட்டை போன இடம் யாருக்கும் நினைவில்லை.

குளோரின் வெளுப்பானோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். முதலாம் உலகப் போரில் 1915இல் ஈப்ரே என்ற ஊருக்கருகே போர் ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயுதான் அது. கழிப்பறை ஆசிட் மட்டுமல்ல, வினிகர், எலுமிச்சை, ஆக்சாலிக் அமிலம் எல்லாமே அமிலங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் வெளுப்பானோடு சேரக்கூடாது. அதிலிருந்து வேறொரு நச்சு வாயு வரும். வெளுப்பானையும் சானிட்டைசரையும்கூட ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரு முறை பலிக்காமல் அடுத்த முறைக்குப் போவதாக இருந்தால், நடுவில் துணியை நிறைய நீரில் அலசியே தீர வேண்டும். ஒரு நாள் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. தவறிப்போய் வாயு கிளம்பினால், வாளியைத் தூக்கிக் கொட்டப் போகாமல் உடனே திறந்த வெளிக்கு வாருங்கள்.

ஸ்பிரிட் தீப்பற்றும். சமையலறையில், அடுப்பருகே, சாமி விளக்கருகே இந்த வேலை வேண்டாம். பால்கனியே தகுந்த இடம். ஸ்பிரிட் நனைந்த துணியை அப்படியே துவைக்கும் இயந்திரத்திலோ உலர்த்தும் இயந்திரத்திலோ போடாதீர்கள். கையால் அலசிய பிறகே போட வேண்டும்.

பட்டும் கம்பளியும்

கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காருகிறவர் பட்டுச் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொள்வார். பந்தியில் எழுந்திருக்கும்போது பையில் நீலம். பட்டும் கம்பளியும் தலைமுடி போன்ற புரதப் பொருட்கள். குளோரின் வெளுப்பான் அவற்றைக் கரைத்தே விடும். ஜரிகையில் அமிலம் பட்டால் கறுக்கும். காஞ்சிப் பட்டானாலும் மைசூர்ப் பட்டானாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். தண்ணீரும் விடாமல், காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, உலர் சலவைக்குக் கொடுங்கள். எந்த மை, எப்போது பட்டது, வீட்டில் என்ன தடவினீர்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கன்னடத்தில் மைக்கு "ஷாயி" என்றும் கறைக்கு "கலெ" என்றும் பெயர். "ஷாயி கலெ" என்றால் கடைக்காரருக்குப் புரியும். கலைக்கும் அங்கே "கலெ" என்றே பெயர் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டால், சுவரிலும் சட்டையிலும் வரைந்துவிட்டு நம்மிடம் வாதாடக்கூடும்!

போகவே கூடாத மைகள்

போகாமல் இருப்பதற்காகவே செய்த மைகளும் உண்டு. சலவைக்கு வரும் துணிகள் மாறிப்போகாமல் இருக்க, அக்காலச் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டையின் சாற்றால் குறியிடுவார்கள். கூடவே சுண்ணாம்பு வைத்தால் குறி கறுத்து நிலைத்துவிடும். வெள்ளாவியில் வேகவைத்தாலும் அழியாது. சேங்கொட்டையின் தாவரப் பெயரான செமிகார்ப்பஸ் என்பதற்கே "குறியிடும் காய்" என்பது பொருள். அந்தச் சாறு தோலைப் புண்ணாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த வெளிநாட்டுப் படைவீரர்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் வந்த தடிப்புகளுக்கு இந்தச் சலவைக் குறியே காரணம் என்று இராணுவ மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

இன்னொன்று நம் மாநிலத்தின் பெருமை. 1937இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கு, வண்ணத் தொழிற்சாலையாகத் தொடங்கிய மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம்தான், 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் நம் விரலில் வைக்கும் மையைத் தயாரித்து வருகிறது. பல வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. இதில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். தோல் உதிர்ந்து நகம் வளர்ந்தால்தான் அது போகும். தேர்தல் பணிக்குப் போகிறவர்களின் உடையில் இது பட்டால் சோப்பும் ஸ்பிரிட்டும் பயன்படா. வெள்ளியைக் கரைக்கும் ரசாயனங்கள் வீட்டில் கையாளத் தக்கவை அல்ல. அன்றைக்குப் பழைய சட்டை அணிந்து போவதே அறிவுடைமை.

போகாத கறைக்கும் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலும் கறை இருப்பது சட்டைப் பையின் அடியில்தான். நல்ல தையற்காரரிடம் கொடுத்தால், சட்டையின் கீழ் மடிப்பிலிருந்து துணி எடுத்துப் பையை மாற்றிவிடுவார். உடம்புப் பகுதியிலும் கறை இறங்கியிருந்தால், புதுப் பையை அரை அங்குலம் கீழே இறக்கித் தைத்து மறைத்துவிடலாம். புதுச் சட்டையின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

துவைக்கும் இயந்திரத்திற்குள் பேனா போய்விட்டால்

மற்றத் துணிகளை எடுத்துவிட்டு, மின் இணைப்பைத் துண்டித்து, கதவைத் திறந்து வைத்து, உள் உருளையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் வாடை முழுவதும் போன பிறகு, பழைய துண்டுகளை மட்டும் போட்டு ஒருமுறை ஓடவிடுங்கள். துண்டில் நிறம் ஏறாவிட்டால் இயந்திரம் சுத்தம். கறைபட்ட துணிகளை உலரவிடாமல் ஈரத்தோடு வைத்திருந்து மேற்சொன்ன முறைகளைச் செய்யுங்கள். ஈரமாக இருக்கும்வரை நமக்கு அவகாசம் உண்டு.

சுருக்கமாக

கத்தரித்துத் துவைக்கும் இயந்திரத்தின் அருகே ஒட்டி வைத்துக்கொள்ள வசதியாக, முக்கியமானவற்றைக் கீழே தருகிறேன்.

• துவைக்கும் முன் பையைப் பார்க்கவும். சட்டைப் பையோடு கால்சட்டைப் பையையும்.
• கறை இருந்தால் சுடுநீர், இஸ்திரி, இயந்திர உலர்த்தல் மூன்றும் கூடாது. இஸ்திரி வண்டிக்குக் கொடுக்கும் முன் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கவும்.
• தண்ணீருக்கு அசைந்தால்: குளிர்ந்த நீர், சோப்பு, ஆக்சிஜன் வெளுப்பான்.
• ஸ்பிரிட்டுக்கு அசைந்தால்: கிளிசரின் ஒரு மணி நேரம், பிறகு ஸ்பிரிட், பிறகு சோப்பு.
• மஞ்சளாக நின்றால்: எலுமிச்சை, உப்பு, வெயில்.
• எதற்கும் அசையாவிட்டால்: மூன்று முயற்சிக்குப் பின் தையற்காரர்.
• பட்டு, கம்பளி, ஜரிகை: உலர் சலவை.
• வெளுப்பானோடு எதையும் கலக்காதீர்கள்.

இவற்றில் முதல் ஏழையும் மறந்தாலும் கடைசி வரியை மட்டும் மறக்காதீர்கள். வீட்டில் துவைக்க உதவும் அம்மாவுக்கும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வையுங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர்கள் மொழியில் சொல்லுங்கள்.